ஆயிரம் அடி வேகமும் அடுத்த வீட்டு அடுப்படியும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல பத்து மணி இருக்கும். ரெண்டாவது காபியைக் கையில எடுத்துக்கிட்டுப் பேப்பரைப் பிரிக்கிறேன், தி.நகர்ல இருந்து அக்கா ஃபோன்.

"உடனே கிளம்பி வாடா. உன் மருமான் பக்கத்து வீட்டைச் சுட்டுட்டான்."

சட்டையை மாட்டிக்கிட்டு ஓடினேன். மயிலாப்பூர்ல இருந்து தி.நகர் போறதுக்குள்ள ஆட்டோல உக்காந்து என்னென்னவோ கற்பனை. போலீஸ், ஆம்புலன்ஸ், அக்கா மயக்கம்... போய்ப் பார்த்தா மாடிப்படியில தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பையன். இருபத்திநாலு வயசு, சாஃப்ட்வேர் வேலை, முதல் போனஸ்ல வாங்கின ஏர் ரைஃபிள் பக்கத்துல. மொட்டை மாடில கைப்பிடிச் சுவர் மேல பழைய அலமாரியோட முதுகுப் பலகையை நிக்க வச்சு, அதுல பேப்பர் டார்கெட் ஒட்டிச் சுட்டிருக்கான். கால் இஞ்ச் கூட இல்லாத ப்ளைவுட். குண்டு பலகையைத் துளைச்சு, சந்தைத் தாண்டி, பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னல்ல கொசுவலையைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போய், ஷெல்ஃபுல இருந்த ரவை டப்பால பள்ளம் போட்டிருக்கு.

அந்த வீட்டு மாமி அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் பாலை இறக்கிட்டுக் கூடத்துக்குப் போயிருக்காங்க. டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாங்க. திட்டவே இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு. டப்பா எந்த உயரத்துல இருந்ததுன்னு கையை வச்சுக் காட்டினாங்க. சரியா அவங்க கண் உயரம்.

பையன்கிட்ட கேட்டா ரெண்டு பதில் சொன்னான். முதல்ல, "மாமா, வெறும் ஏர் கன் தானே? லைசென்ஸே வேணாம், பொம்மை மாதிரி." அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "இது சாதாரண மாடல் இல்ல மாமா, செகண்டுக்கு ஆயிரம் அடி வேகம்னு கடையில சொன்னாங்க."

ரெண்டையும் ஒரே வாய்தான் சொல்லுச்சு. பொம்மையாம், ஆனா ஆயிரம் அடி வேகமாம். நம்ம ஊர்ல பொழுதுபோக்குக்குச் சுட ஆசைப்படறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்த ரெண்டு நினைப்பையும் ஒண்ணாத்தான் தலைல வச்சிருக்காங்க. அதுக்காகத்தான் இந்தப் பதிவு. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ரைஃபிள் வாங்கறதா இருந்தா கடையில இருக்கறதுலயே பவர் கம்மியானதா பார்த்து வாங்குங்க. கோவம் வருதா? முழுசாப் படிச்சிட்டு அப்புறம் வாங்க சண்டைக்கு.

முதல்ல சட்டம். சட்டுனு முடிச்சிடறேன், ஏன்னா இதுல ஜல்லியடிக்கிறவங்கதான் ஜாஸ்தி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், அதுக்கான 1962 விதிகள். அதுல ஏர் கன்னுக்கு ஒரு சோதனை வச்சிருந்தாங்க. ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமா, ஒரு இஞ்ச் கனத்துல மரப்பலகை. அஞ்சு அடி தூரத்துல இருந்து சுட்டா குண்டு அதைத் துளைச்சு வெளிய வரக்கூடாது. இப்ப இருக்கிற 2016 விதிகள்ல மரப்பலகை போய் ஜூல் கணக்கு வந்தாச்சு. குழல் விட்டம் .177, அதாவது 4.5 மில்லிமீட்டர் வரைக்கும், குழல் வாயில சக்தி 20 ஜூல் வரைக்கும் இருந்தா லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் வேணும். "ஏர் கன்லயே பாயிண்ட் டூ டூ வாங்கிக்கலாம், காத்துதானே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. காத்தா இருந்தாலும் விட்டம் தாண்டிடுச்சு.

ஒரு இஞ்ச் பலகையைத் துளைக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல எழுதினாங்கன்னா, கால் இஞ்ச் ப்ளைவுட்டை அது என்ன பண்ணும்னு யோசிக்க இஞ்சினியரிங் படிக்க வேண்டாம். நம்ம பையன் படிச்சிருக்கான், அது வேற விஷயம்.

இப்ப அந்த ஆயிரம் அடிக்கு வரேன்.

ஆயிரம் அடின்னா செகண்டுக்கு 305 மீட்டர். இந்த வேகம் அட்டைப்பெட்டில அச்சடிக்கிறதுக்குன்னே அளக்கிற வேகம். ஈயத்தை விட லேசான உலோகத்துல செஞ்ச பெல்லட்டைப் போட்டு அளந்துடுவாங்க. அரை கிராம் சொச்சம் இருக்கிற ஒழுங்கான ஈய பெல்லட்டைப் போட்டா வேகம் இறங்கிடும். 0.53 கிராம் பெல்லட்டை 20 ஜூல்ல தள்ளினா கணக்குப்படி 275 மீட்டர் கிட்டத்தான் வரும். ப்ளஸ் டூ பிசிக்ஸ், அரை எம் வி ஸ்கொயர், நீங்களே போட்டுப் பாருங்க. அப்படியே ஆயிரம் அடி உண்மையா வந்தாலும் என்ன லாபம்? பெல்லட் இடுப்பு ஒடுங்கி, பின்னாடி பாவாடை மாதிரி விரிஞ்சு இருக்கும். ஒலியோட வேகத்தை நெருங்க நெருங்க காத்து அதை ஆட்டி வைக்கும். நேராப் போகாது. அதாவது கூடக் காசு கொடுத்து, குறி தப்பறதை வாங்கிட்டு வரீங்க.

இன்னொரு கணக்கு சொல்றேன். 2008 ஆகஸ்ட், பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டு 10.8 சுட்டு, மொத்தம் 700.5 எடுத்து, இந்தியாவோட முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினாரே, அது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. .177 விட்டம். அந்த மாதிரிப் போட்டி ரைஃபிளோட வேகம் செகண்டுக்கு 170, 175 மீட்டர் கிட்டத்தான். சக்தி ஏழரை, எட்டு ஜூல். புரியுதா? தங்கம் வாங்கற ரைஃபிளோட பவர், தி.நகர் மொட்டை மாடில ரவை டப்பாவைச் சுட்ட ரைஃபிள்ல பாதி கூட இருக்காது!

ஏன் அவ்வளவு கம்மி? பத்து மீட்டர்ல பேப்பரைக் கிழிக்க அதுவே அதிகம், அதான். பேப்பர்ல இருக்கிற பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். பால்பாயிண்ட் பேனாவால அழுத்தாம ஒரு புள்ளி வச்சா அவ்வளவுதான். அதை அடிக்க வேண்டியது குறி. பவர் ஏற ஏற ரைஃபிள் கையில உதறும், ட்ரிகரை இழுக்கறதுக்கும் குண்டு குழலை விட்டு வெளிய வர்றதுக்கும் நடுவுல உங்க தோள் ஆடும், ஸ்பிரிங்கை மடக்க மல்லுக்கட்டியே பத்தாவது குண்டுல கை நடுங்கும். பவர் கூடினா குறி குறையும். கடையில யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா ஆயிரம் அடின்னு சொன்னா விக்கும், "இது சாதுவா இருக்கும் சார்"னு சொன்னா விக்காது.

சென்னைக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசா சொல்லணுமா என்ன? நாம எல்லாரும் முதல்ல சுட்டது எங்க? மெரினாலயோ பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்லயோ பலூன் கடைல. பலகைல வரிசையா பலூன் கட்டியிருக்கும். ஒரு கையில சுண்டல் பொட்டலம், இன்னொரு கையால துப்பாக்கி. குழல் வளைஞ்சிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்து போய் "புஸ்"னு சத்தம் வரும். நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரு கடைல துப்பாக்கி எப்பவும் வலது பக்கம்தான் இழுக்கும். ரெண்டு ஞாயித்துக்கிழமை கவனிச்சுட்டு, மூணாவது வாரம் ஒரு பலூன் இடது பக்கம் தள்ளிக் குறி வச்சேன். பத்துக்கு எட்டு. கடைக்காரர் முகத்தைப் பார்க்கணுமே! பவரே இல்லாத, கோணல் துப்பாக்கி. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கோணல். ரைஃபிள்ல பார்க்க வேண்டியது அந்த "ஒரே மாதிரி"தான். எங்க அடிக்குதுங்கறதைத் திருகாணியைத் திருப்பிச் சரி பண்ணிக்கலாம். ஒருதரம் இங்க, ஒருதரம் அங்கன்னு அடிச்சா எந்தத் திருகாணியும் உதவாது.

நிற்க. அடுத்து பாயிண்ட் டூ டூ ஆசாமிகள்.

"ஏர் கன்லாம் சின்னப்பசங்க சமாச்சாரம், சுட்டா நிஜ .22 சுடணும்" அப்படின்னு ஒரு கோஷ்டி உண்டு. எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு, மறைக்கல. காலேஜ்ல என்.சி.சி.ல .22 டீலக்ஸ் ரைஃபிள் கொடுத்தாங்க. போல்ட் ஆக்ஷன். தரையில குப்புறப் படுத்து, 25 கஜத்துல டார்கெட். முதல் குண்டு வெடிச்சதும் வந்த அந்த மருந்து வாசனை... இத்தனை வருஷம் ஆச்சு, இன்னிக்கும் தீபாவளி அன்னிக்கு விடிகாலைல ஞாபகம் வந்துடும். நம்ம ஊர்ல .22 சுட்டேன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அனுபவம் இந்த என்.சி.சி. குண்டுங்கதான். அதை வச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்க கதை சொல்லலாம், தப்பில்ல. வீட்டுக்கு வாங்கி வைக்கறதுதான் தப்பு.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-லயே வந்துடுச்சு. இன்னிக்கும் உலகத்துலயே அதிகமா சுடப்படற தோட்டாக்கள்ல ஒண்ணு. சத்தம் கம்மி, உதைப்பு கிடையாது, குறி அபாரம். எல்லாம் சரி. ஆனா அதோட ரெண்டரை கிராம் சொச்சம் குண்டு செகண்டுக்கு 330 மீட்டர் கிட்ட போகுது. சக்தி சுமார் 140 ஜூல். ஏர் ரைஃபிளுக்குச் சட்டம் போட்ட எல்லையே 20, இது அதுக்கு ஏழு மடங்கு. தோட்டா டப்பால எச்சரிக்கை போட்டிருப்பாங்க: ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு. கபாலீஸ்வரர் கோயில் குளத்தங்கரைல நின்னு கிழக்கே பார்த்து மேல தூக்கிச் சுட்டா, கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடல்ல போய் விழும். நடுவுல எத்தனை மொட்டை மாடி, எத்தனை வடாம் காயற இடம், எத்தனை ஸ்கூல்! ரேஞ்சுக்கு வெளிய அதைச் சுட இந்த ஊர்ல ஒரு சதுர அடி இடம் கிடையாது.

சரி, சுட வேண்டாம், வாங்கி மட்டும் வச்சுக்கறேன்னா? அதுக்குக் கமிஷனர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கணும். எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும், போலீஸ் விசாரணை, அலைச்சல். தோட்டா இத்தனைதான் வாங்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். அதாவது, வருஷத்துக்குக் கிடைக்கிற தோட்டாவை ஒழுங்காப் பயிற்சி பண்றவன் கொஞ்ச நாள்லயே தீர்த்துடுவான். தேர்தல் வந்தா ரைஃபிளைத் தூக்கிட்டுப் போய் ஒப்படைக்கணும், முடிஞ்சதும் போய்த் திரும்ப வாங்கணும். வெளிநாட்டு ரைஃபிளை சாதாரண ஆள் இறக்குமதி பண்றது 1980-கள்லயே நின்னு போச்சு. போட்டில தகுதி மார்க் எடுத்த வீரர்களுக்குத்தான் வழி. 2019 திருத்தத்துல ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கிங்கறதை ரெண்டாக் குறைச்சாச்சு. இத்தனைக்கும் அப்புறம் நீங்க பீரோல பூட்டி வைக்கப் போற ஒரு இரும்புக்கு எதுக்கு இவ்வளவு?

.22 மோசம்னு நான் சொல்லவே இல்ல. 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூணு நிலைப் போட்டில வெண்கலம் வாங்கினது .22-லதான். அந்தக் கட்டத்துக்குப் போகணும்னா கிளப்ல சேர்ந்து, ஏர் ரைஃபிள்ல மார்க் எடுத்து, மாநிலப் போட்டி, மாவ்லங்கர் போட்டின்னு படிப்படியா ஏறிப் போங்க. தேவைப்படும்போது .22 தானா வரும். முதல் நாளே மாடிப்படியோட கடைசிப் படில நிக்கணும்னா எப்படி?

"தல சுடறாரே"ன்னு ஒருத்தர் கேப்பீங்க, தெரியும். அஜித்குமார் 2021 மாநிலப் போட்டில மெடலா அள்ளினாரு, வாஸ்தவம். எழும்பூர்ல இருக்கிற சென்னை ரைஃபிள் கிளப்புக்குப் போய்ப் பயிற்சி பண்ணி, வரிசைல நின்னு சுட்டாரு. மொட்டை மாடில சுடல. இன்னொண்ணு, அவர் ஜெயிச்சது பிஸ்டல்ல. ரைஃபிள் கடைல போய் "தல மாடல்" கேக்கற தம்பிங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும் :-)

ரைஃபிள்ல பெருமைப்பட்டுக்க ஆள் வேணும்னா நமக்கு இல்லாமலா? லண்டன் 2012-ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கின ககன் நாரங் பிறந்தது நம்ம சென்னைல. வளர்ந்தது ஹைதராபாத். ஏர் ரைஃபிள்ல உலகக் கோப்பைத் தங்கமெல்லாம் வாங்கின இளவேனில் வாலறிவன் கடலூர்ல பிறந்து குஜராத்ல வளர்ந்த பொண்ணு. ரெண்டு பேரும் பேர் வாங்கினது நம்ம பையன் "பொம்மை"ன்னு சொன்ன அந்த .177-ல.

இப்ப மனசுக்குக் கஷ்டமான பகுதி. காக்கா.

ஏர் ரைஃபிள் வாங்கறவங்கள்ல பாதிப்பேர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இதுதான். பேப்பர் ரெண்டு நாள்ல போரடிச்சுடும். அப்புறம் கண்ணு மெதுவா மேல போகும். தென்னை மரத்துல அணில், ஏசி பெட்டி மேல புறா, கம்பில காக்கா. "வத்தலைக் கொத்துது", "எச்சம் போடுது"ன்னு ஒரு நியாயமும் கூடவே வந்துடும்.

நான் யோக்கியன் இல்ல. பெரியப்பா வீட்ல பழைய பி.எஸ்.ஏ. ஏர் ரைஃபிள் ஒண்ணு இருந்துச்சு. எனக்குப் பதினாலு வயசு. ஒரு அணிலைச் சுட்டேன். அது உடனே சாகல. கொல்லைல துளசி மாடத்துக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிட்டு மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. பாட்டி வந்து பார்த்தா. ஒண்ணும் பேசல. ஒரு தம்ளர்ல தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வச்சுட்டு, அங்கேயே உக்காந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல, யாரும் கூப்பிடவும் இல்ல. அப்புறம் அந்த ரைஃபிளை நான் தொட்டதே கிடையாது. பவர் கம்மியா இருந்தா பறவைக்கு நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க. கம்மி பவர் உடனே கொல்லாது, நிதானமாக் கொல்லும். கம்மி பவர் பேப்பருக்கு மட்டும்தான்.

சட்டமும் இப்ப உங்க பக்கம் இல்ல. முன்னாடியெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காக்கா, எலி, பழந்தின்னி வௌவாலை எல்லாம் தொல்லை உயிரினம்னு தனி அட்டவணைல போட்டிருந்தாங்க. 2022 திருத்தத்துல அந்த அட்டவணையே காலி. ஆக "காக்கா தானே"ங்கற சமாதானமும் போச்சு. அருணாசலப் பிரதேசத்துல கதையே வேற மாதிரி. அங்க வீட்டுக்கு வீடு ஏர் கன், காட்டுல பறவைச் சத்தமே குறைஞ்சு போச்சுன்னு 2021 மார்ச்ல அரசாங்கமே ஏர் கன் ஒப்படைக்கிற இயக்கம் ஆரம்பிச்சுது. ரெண்டாயிரத்துக்கு மேல துப்பாக்கி வந்து சேர்ந்துச்சு. சுட்டவங்களே கொண்டுவந்து கொடுத்தாங்க. "பொம்மை"யால ஒரு காட்டையே ஊமையாக்க முடியும்னா அப்புறம் அது என்ன பொம்மை?

இதைப் படிச்சுட்டு "அப்ப எல்லாத்தையும் தடை பண்ணிடணும், வீட்ல துப்பாக்கி எதுக்கு, நாம என்ன அமெரிக்காவா"ன்னு கிளம்பறவங்களுக்கும் எனக்கும் ஒத்துப் போகாது. மூச்சை அடக்கி, மனசை ஒரு புள்ளில நிறுத்தி, ஒரு மணி நேரம் அறுபது குண்டு சுட்டுப் பாருங்க. செல்ஃபோனை நோண்டாம ஒரு மணி நேரம் இருக்க வைக்கிற விளையாட்டு இந்தக் காலத்துல எத்தனை இருக்கு? உயரம் வேண்டாம், ஓட வேண்டாம், எட்டு வயசு வித்தியாசமோ நாப்பது வயசு வித்தியாசமோ, பக்கத்துப் பக்கத்துல நின்னு போட்டி போடலாம். எனக்கு இது பிடிக்கும். பிடிக்கிறதாலதான் இவ்வளவு கோவம்.

சரி, வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. முதல் ஆறு மாசம் வாங்காதீங்க. கிளப்லயோ பத்து மீட்டர் ரேஞ்சுலயோ அவங்க ரைஃபிள்ல சுடுங்க. உங்க கை நீளம் என்ன, தோள்ல கட்டை எங்க உக்காருது, எவ்வளவு எடையைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்க முடியும்னு அப்பத்தான் தெரியும். போட்டில அஞ்சரை கிலோ வரைக்கும் அனுமதி. எடுத்தவுடனே அவ்வளவு தூக்கினா இடுப்பு போயிடும்.

அப்புறம் வாங்கும்போது, குழலை மடக்கி ஏத்துற ஸ்பிரிங் மாடலே போதும், உள்நாட்டுத் தயாரிப்பே போதும். கையால மடக்கிப் பாருங்க. சிரமப்படாம மடங்கணும். ட்ரிகரை மெதுவா இழுத்துப் பாருங்க. எங்க விடப் போகுதுன்னு விரலுக்குத் தெரியணும், கரகரன்னு இழுபடக்கூடாது. கடைக்காரர் டெலஸ்கோப் மாட்டித் தர்றேன்னு சொல்வார், வேண்டாம்னுடுங்க. ஸ்பிரிங் ரைஃபிள் முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பக்கமும் உதறும், மலிவு டெலஸ்கோப்புக்குள்ள கண்ணாடி கழண்டுடும். திறந்த குறிமுள்ளுல பழகுங்க. ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. முன்கையை வெறுமனே கீழ ஏந்திக்கிட்டு, அது உதறணும்னா உதறட்டும்னு விட்டுடணும். இறுக்கினீங்கன்னா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு திசை.

காத்தை முன்னாடியே அடைச்சு வச்சுக்கிற மாடல் இருக்கு. உதறலே இருக்காது, அருமையா சுடும். ஆனா 200 பார் அழுத்தத்துக்குக் கைப்பம்ப்ல ஏத்தணும். சென்னை மே மாசத்துல ஒருதரம் ஏத்திப் பாருங்க, ஜிம்முக்குப் போக வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் ரெண்டு லட்சத்துக்கு மேல. மார்க் 600-க்கு 560 தாண்டட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

பெல்லட்ல கஞ்சத்தனம் வேண்டாம். மூக்கு தட்டையா இருக்கறதுதான் பேப்பருக்கு. ஓட்டையை அழகா வட்டமா வெட்டும். கூர் மூக்கு பெல்லட் வாங்கவே வாங்காதீங்க, எதைத் துளைக்கப் போறீங்க? அது ஈயம், சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் பஜ்ஜி. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் இருக்கறவங்க குழலுக்கு வெளிப்பக்கம் வாராவாரம் எண்ணெய்த் துணியால துடைங்க, உப்புக்காத்து ஒரே மழைக்காலத்துல துரு ஏத்திடும். அதுக்காக தையல் மெஷின் எண்ணெயை உள்ள ஊத்திடாதீங்க. அழுத்தத்துல எண்ணெய் பத்திக்கிட்டு டீசல் எஞ்சின் மாதிரி உள்ளயே வெடிக்கும். "டமால்"னு சத்தம் வருது, பவர் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படற பிரகஸ்பதிகளைப் பார்த்திருக்கேன். ஸ்பிரிங் உடைஞ்சப்புறம் அவங்களே வந்து கேப்பாங்க, ஏன் சார் உடைஞ்சுதுன்னு.

வீட்ல சுடணும்னா டார்கெட்டை விட, டார்கெட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதுதான் கேள்வி. ப்ளைவுட் ஒரு தடுப்பே இல்ல. வெறும் சுவரும் ஆபத்து, சில சமயம் குண்டு தெறிச்சு உங்க முகத்துக்கே திரும்பி வரும். ஒரு மரப்பெட்டி நிறைய பழைய புடவை, வேட்டியைத் திணிச்சு, பின்னாடி இரும்புத் தகடு வச்சு, அதுக்கும் பின்னாடி மொத்தச் சுவர் இருக்கணும். அதுக்கு மேலயும் பக்கத்துலயும் யாரும் நடமாட வழி இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கணும், வேடிக்கை பார்க்கறவங்களும்தான். மயிலாப்பூர் பழைய வீடுகள்ல வாசல்ல நின்னா கொல்லை வரைக்கும் நேராத் தெரியும், பத்து மீட்டர் தாராளமாக் கிடைக்கும். ஆனா அந்த நேர்கோட்டுலதான் வீடே நடமாடும். அடுக்களைல இருந்து அம்மா எப்ப குறுக்க வருவான்னு யாருக்குத் தெரியும்? ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு பதில் ஒண்ணுதான்: ரேஞ்சுக்குப் போங்க.

அக்கா வீட்டு விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு சாயங்காலம் பையனைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். புது ரவை டப்பா ஒண்ணு, கொசுவலை மாத்தறதுக்கு ஆள். மாமி டப்பாவை வாங்கிக்கிட்டாங்க. பழசையும் தூக்கிப் போடல, அதே ஷெல்ஃபுல அதே இடத்துல வச்சிருக்காங்க. பையன் மொட்டை மாடிக்கு துணி எடுக்கப் போனாலும் ஜன்னல் வழியா அது தெரியும்.

அவன் இப்ப ரெண்டு வாரமா ஒரு பத்து மீட்டர் ரேஞ்சுக்குப் போறான். ரேஞ்சு ரைஃபிள்தான். போன ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போனேன். முப்பது வருஷம் கழிச்சு முதல் பத்து குண்டு. எனக்கு 71, அவனுக்கு 64. "மாமா, அந்த ரைஃபிள்ல ரொம்ப ஸ்லோவா இருக்கே, ஒண்ணுமே தெரியல"ன்னான். பேப்பரைக் கையில கொடுத்தேன், எண்ணிக்கோன்னு.

அவன் வாங்கின ஆயிரம் அடி வேகம் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. சாவி என்கிட்ட.

டிஸ்கி: "எந்த மாடல் வாங்கலாம் சார்"னு கேட்டு வர்றவங்களுக்கு முதல் பதில், "எங்க வச்சு சுடப் போறீங்க?"